சுவருக்கு அந்தப் பக்கம் ஆறிய இரும்பு

"சார், உன் எண்ணூரு நின்னு பூச்சு சார்."

காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருந்தபோது உலை மேஸ்திரி தொலைபேசியில் இப்படிச் சொன்னார். ஆலைக்குக் குழாயில் வரும் எரிவாயு நின்றுவிட்டது, உலை அணைகிறது என்பதுதான் சேதி. 'உன் எண்ணூர்' என்பது குத்தல். அது எனக்கு உரியதுதான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வீடு கட்டும் முறுக்குக் கம்பி செய்யும் ஆலை ஒன்றில் என் உத்தியோக காலம் முழுவதும் உலைக்குப் பொறுப்பான பொறியாளனாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் ஆலோசகர் என்ற பெயரில் வாரத்துக்கு இரண்டொரு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஆலையின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பில்லெட் என்று சொல்லப்படும் நீளமான சதுர இரும்புக் கட்டைகள் லாரியில் வரும். அவற்றை உலையில் பழுக்கக் காய்ச்சி, உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி நீட்டினால் கம்பி. காய்ச்சுவதற்கு அந்தக் காலத்திலிருந்து ஃபர்னஸ் ஆயில்தான். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பிறகு அடியில் தங்குகிற, தார் போன்ற எண்ணெய். அதன் நாற்றம் சட்டையிலிருந்து போகாது. மேஸ்திரியின் மனைவி அவருடைய துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைத்ததே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எண்ணெயை விட்டு எரிவாயுவுக்கு மாறினோம். மாற வைத்தவன் நான். முதலாளிக்கு மனமில்லை. நானும் விடவில்லை. உலைக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, எல்லோரையும் கூட்டி நிற்க வைத்து ஒரு சொற்பொழிவு செய்தேன். இன்றோடு அந்நிய எண்ணெய்க்குக் கும்பிடு போட்டுவிட்டோம் என்றேன். கூட்டத்திலிருந்து மேஸ்திரி கேட்டார்: "அப்போ இந்த கேஸு எங்கருந்து சார் வருது?"

"எண்ணூர்லருந்து" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அது பொய்யில்லை. குழாய் எண்ணூரிலிருந்துதான் வருகிறது. ஆனால் எண்ணூருக்கு எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வளைகுடாவில் எடுத்து, குளிரவைத்துத் திரவமாக்கி, கப்பலில் ஏற்றி, எண்ணூர் கரையில் மறுபடி வாயுவாக்கிக் குழாயில் விடுகிறார்கள். எண்ணெய் வந்த அதே கடல்வழிதான், கப்பல்தான் வேறு. இது தெரியாதவன் அல்ல நான். தெரிந்துகொண்டே மாலை போட்டேன்.

பிறகு வளைகுடாப் பக்கம் சண்டை மூண்டது. கப்பல்கள் நின்றன. இருக்கிற வாயு வீட்டு அடுப்புக்கும் உரத்துக்கும் முதலில், ஆலைகளுக்கு மிஞ்சினால் பார்க்கலாம் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். அந்த முடிவில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தொலைக்காட்சியில் உட்கார்ந்து பேசியவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒருவர் தற்சார்பு என்கிறார். இன்னொருவர் இதெல்லாம் அன்றைக்கே ஆரம்பித்திருக்க வேண்டும் என்கிறார். யார், எங்கே, எதை ஆரம்பித்திருக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. என் மனைவி சிலிண்டர் முன்பதிவுக்கு ஓயாமல் தொலைபேசியை அமுக்கிக்கொண்டிருந்தாள். நான் தொலைக்காட்சியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். "அதுல இருக்கறவங்களுக்கு உங்க சத்தம் கேக்காது. எனக்குத்தான் கேக்குது" என்றாள்.

ஆலைக்குப் போனபோது வாசலில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மரத்தடியில் நின்றிருந்தார்கள். உலை ஓடாவிட்டால் உருளைகள் ஓடாது. உருளைகள் ஓடாவிட்டால் அவர்களுக்குக் கூலி கிடையாது. மேஸ்திரியும் ஒப்பந்தத் தொழிலாளிதான். அவருடைய தாய் தகப்பன் பேட்டை வருவதற்கு முன் இதே மண்ணில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவர் மீசை கறுப்பதற்கு முன்பே என்னிடம் வந்து சேர்ந்தார். உலை வாயைத் தவிர வேறெங்கும் நின்றதில்லை. இப்போது ஐம்பதை நெருங்குகிறார். மகள் செவிலியர் படிப்பில் கடைசி வருஷம்.

"இன்னா சார், கப்பலு எப்போ வரும்?" என்று ஒருவன் கேட்டான்.

"அவர இன்னாத்துக்குடா கேக்குற? அவருதான் மால போட்டு வழியனுப்பி வச்சாரே" என்றார் மேஸ்திரி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பிறகு மேஸ்திரி என்னைத் தனியே கூப்பிட்டு, "நெஜமா சொல்லு சார். ஒரு மாசம் உக்காந்தா நான் பேஜாராயிடுவேன். மில்லு ஓடுமா, ஓடாதா?" என்றார்.

ஓட வைக்க வழி உண்டு என்று எனக்குத் தெரியும். அந்த வழி எங்கள் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

இங்கே அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆலையும் பக்கத்து ஆலையும் முதலில் ஒன்று. ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர் தொடங்கியது. இரும்பை மின்சாரத்தில் உருக்கிக் கட்டையாக வார்ப்பது ஒரு கொட்டகை, கட்டையைக் கம்பியாக்குவது அடுத்த கொட்டகை. வார்த்த கட்டை சூடு ஆறுவதற்குள் உருளைக்கு வந்துவிடும் என்பதுதான் திட்டம். மறுபடி காய்ச்ச உலையே தேவைப்பட்டிருக்காது. ஆனால் கட்டடம் முடிவதற்குள் சகோதரர்கள் பிரிந்தார்கள். அண்ணனுக்கு உருக்கு, தம்பிக்குக் கம்பி, நடுவே ஆளுயரத்துக்கும் மேல் ஒரு சுவர். தம்பி தன் பங்கில் கட்டையைக் காய்ச்ச ஓர் உலை கட்டினார். அந்த உலைக்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

அன்றிலிருந்து நடந்ததை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அண்ணன் பக்கத்தில் கட்டை செக்கச் சிவந்து பிறக்கும். வெயிலில் அடுக்கி ஆற வைப்பார்கள். செங்குன்றத்துத் தரகர் ஒருவர் அதை வாங்குவார். லாரி அந்த வாசல் வழியாக வெளியே போய், எடை மேடை ஏறி, பேட்டையைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசல் வழியாக உள்ளே வரும். தரகர் எங்களுக்கு விற்பார். அரபு நாட்டிலிருந்து வந்த எண்ணெயை எரித்து அந்தக் கட்டையை மறுபடி சிவக்க வைப்போம். மார்கழியிலும் சுவரில் கை வைத்தால் அந்தப் பக்கத்து வெப்பம் தெரியும். அந்த இரும்பைத்தான் ஊரெல்லாம் சுற்ற விட்டுக் குளிர்ந்த பிறகு வாங்கினோம்.

பங்காளிகள் பேசிக்கொள்வதில்லை. கல்யாணத்துக்கு அழைப்பதில்லை. ஆனால் அண்ணன் இறந்தபோது தம்பி வீட்டில் பூஜை அறையைச் சாத்தினார்கள், கோயிலுக்குப் போகவில்லை. தீட்டு சுவரைத் தாண்டி வந்தது. சூடு வரவில்லை.

எனக்கு இதெல்லாம் சேர்ந்த புதிதிலேயே புரிந்துவிட்டது. ஒரே ஒருமுறை பழைய முதலாளியிடம் சுவரைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நிறுத்திக்கொண்டேன். அவரைப் பார்த்துப் பயந்துதான் நிறுத்தினேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். பேட்டையில் எனக்குப் பெயரே 'ஃபர்னஸ் சார்'. உலை இல்லாவிட்டால் சாரும் இல்லை. அந்த உலையில் எண்ணெயைக் கொஞ்சம் மிச்சம் பிடித்ததற்காக எனக்குச் சால்வை போட்டிருக்கிறார்கள். பொறியியல் கல்லூரிகளில் கூப்பிட்டு, அந்நிய எண்ணெயை நம்பி நாடு எப்படிக் கெடுகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் அரசாங்கத்தைக் கிழித்துத் தோரணம் கட்டுவேன். மாணவர்கள் விசில் அடிப்பார்கள். மறுநாள் காலை வந்து அதே சுவரோரமாக நடந்து போய் எண்ணெய் டேங்கருக்குக் கையெழுத்துப் போடுவேன்.

வாயு நின்ற பிறகுதான் நான் முதல்முறையாகப் பக்கத்து ஆலை வாசலுக்குள் நுழைந்தேன். இப்போது அங்கே முதலாளி அண்ணன் மகன். அறுபது வயது இருக்கும்.

"வாங்க ஃபர்னஸ் சாரு. நீ இருமறது மட்டும் இத்தினி வருசமா செவுத்துக்கு அந்தாண்டருந்து கேக்கும். இப்பதான் மூஞ்சிய பாக்கறேன். மோர் குடிக்கிறியா?"

முற்றம் முழுக்க விற்காத கட்டைகள் மலையாகக் கிடந்தன. "சரக்கு தேங்கிப் போச்சு போல" என்றேன்.

"எவன் எடுப்பான்? ரோலிங் மில்லு அத்தினியும் கேஸுக்கு மாறிக்கினு இப்போ வாய பொளந்துக்கினு கீது. நீதான காலேஜு காலேஜா போயி பேசின?"

மோரைக் குடித்துவிட்டுச் சொன்னேன். "கட்டைய ஆற விடாம அப்படியே இந்தப் பக்கம் தள்ளிட்டா கேஸும் வேணாம், எண்ணெயும் வேணாம்."

"தெரியுமே."

"தெரியுமா?"

"தெரியாம இன்னா? நடுவுல ஒரே ஒரு செவுரு. எங்க நைனா சாவற வரிக்கும் சொல்லிக்கினு இருந்தாரு, தம்பி வந்து ஒரு வார்த்த கேட்டா செவுத்த எடுத்துரலாம்னு. தம்பி வர்ல. நான் இன்னா பண்றது?"

வெளியே வந்து, சாலையில் நடந்து, எங்கள் வாசல் வழியாக உள்ளே போய், எங்கள் முதலாளியிடம் சொன்னேன். தம்பியின் மகன். அண்ணன் மகனைவிடப் பத்து வயது இளையவர்.

"எங்க நைனாவும் அதேதான் சார் சொன்னாரு. அண்ணன் ஒரு வார்த்த கூப்ட்டா போலாம்னு. கூப்டல" என்றார்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. இரண்டு தகப்பன்களும் செத்தாயிற்று. ஒருவர் கேட்பதற்கும் இன்னொருவர் கூப்பிடுவதற்கும் காத்திருந்த காலத்தில் எத்தனை டேங்கர் எண்ணெய் அந்தப் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போயிற்று! இந்த எரிச்சலில் ஒரு பங்கு என்மேல்தான் என்பது அப்போதே தெரிந்ததால் குரலை உயர்த்தவும் முடியவில்லை. இரண்டு வாசலுக்கும் நடுவே பல நாள் நடந்தேன். இருவருக்கும் சம்மதம். இருவருக்கும் தேவை. ஆனால் சுவரை இடிப்பவன் தோற்றவன். அதனால் இருவரும் இடிக்க மாட்டார்கள்.

கடைசியில் எங்கள் முதலாளி சொன்னார்: "நான் ரெண்டு நாளு திருப்பதி போறேன் சார். வர்றதுக்குள்ள செவுரு மழைல உழுந்துட்சின்னா நான் இன்னா பண்ண முடியும்?"

"மழையே இல்லையே."

"சார். உழுந்துட்சின்னா."

பக்கத்து முதலாளியிடம் இதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, "அந்த ரெண்டு நாளும் எனக்கு முழங்கால் வலி சாரு. இந்தாண்ட நான் வரவே மாட்டேன்" என்றார்.

அப்படியானால் யார் இடிப்பது? பக்கத்து ஆட்கள் தொட மாட்டார்கள், வெளி ஆட்களைக் கூப்பிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். நான் மேஸ்திரியிடம் போனேன். அவரும் அவருடைய உலை ஆட்களும்தான் வேலையில்லாமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கடப்பாரையும் அவர்களிடம் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். சூட்டுக் கட்டை நேரே வரும், மில் ஓடும், எல்லோருக்கும் கூலி உண்டு என்றேன்.

மேஸ்திரி சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்போ நம்ம ஃபர்னஸு?"

"கேஸ் வரட்டும்ப்பா, பாத்துக்கலாம்" என்றேன்.

இதை எழுதுவதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன். கட்டை சூடாக வரத் தொடங்கிவிட்டால் அந்த உலையை இனி யாரும் பற்றவைக்க மாட்டார்கள் என்று எனக்கு ஐயமின்றித் தெரியும். வாயு வந்தாலும் வராவிட்டாலும். உலை ஆட்களின் வேலையை உலை ஆட்கள் கையாலேயே இடிக்கச் சொல்கிறேன் என்பதும் தெரியும். உண்மையைச் சொன்னால் அவர்கள் இடிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அதனால் 'பாத்துக்கலாம்' என்றேன். கூட்டத்துக்கு நடுவே 'எண்ணூர்' என்று சொன்ன அதே வாய்தான்.

அவர்கள் உற்சாகமாகவே இடித்தார்கள். "மழ பேய்து, ஓரமா போ" என்று கத்திக்கொண்டே செங்கல்லைத் தள்ளினார்கள். ஓட்டை விழுந்ததும் அந்தப் பக்கத்து ஆட்கள் நாலு பேர் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார்கள். "ஆமா, மாப்ள ரொம்ப நாளா காய்ஞ்சிக்கினு கீறாரு" என்றார் மேஸ்திரி.

திருப்பதியிலிருந்து திரும்பிய முதலாளி சுவரைப் பார்த்து, "அடடா" என்று மட்டும் சொல்லி லட்டு கொடுத்தார். உருளைப் பாதை போட்டு முடிக்கச் சில வாரங்கள் ஆயின. முதல் கட்டை சிவப்பாக ஓட்டை வழியே வழுக்கி வந்தபோது இரண்டு பக்கமும் விசில் அடித்தார்கள். அது நேரே உருளைக்குள் போய்க் கம்பியாக வெளியே வந்தது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, ஒரு மூச்சு வாயு இல்லை. நாடு முழுக்கப் பேசுகிற காரியம் அது. பேட்டைக்குள் ஒரு சுவரைத் தள்ளியதும் நடந்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மேஸ்திரி அணைந்த உலையின் பக்கத்தில், கட்டையைத் தள்ளும் நீளக் கம்பியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். இரும்பை உருக்குவதற்கு மின்சாரம் வேண்டும், அதற்காக எரிக்கும் நிலக்கரியிலும் ஒரு பங்கு கப்பலில்தான் வருகிறது என்பதை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கைதட்டலைக் கெடுக்கிற உண்மைகளைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பழகிவிட்டது.

சண்டை ஓய்ந்து ஒருநாள் குழாயில் வாயு திரும்ப வந்தது. நான் ஆலைக்குள் போகும்போதே உலைக் கொட்டகையில் பெருக்கும் சத்தம் கேட்டது. மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் சொல்லாமலே வந்து, உலையைக் கூட்டி, உள்ளே தலையை விட்டுச் செங்கல்லைப் பார்த்து, தயாராக நின்றார்கள். முதலாளி என்னிடம், "எதுக்கு சார் கொளுத்தணும்? நீங்களே சொல்லிடுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். அதனால்தான் எனக்கு வாய் வரவில்லை.

உலை வாய்க்குப் போனேன்.

"சார், கேஸு வந்துட்சி. பத்த வச்சிரலாமா?"

"வேண்டாம்ப்பா."

"நாளிக்கா?"

"இனிமே இல்லை."

அவர் கையுறையைக் கழற்றினார். மற்றவர்கள் துடைப்பத்தை நிறுத்தினார்கள். "இது எப்போ தெரியும் உனுக்கு?"

"சுவத்த இடிக்கச் சொன்னப்பவே."

"அப்பவேதானா? இல்ல, அதுக்கும் முன்னாடியா?"

இந்தமுறை சொன்னேன். "நீ வேலைக்கு வந்த காலத்துலயே தெரியும்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்போ எனுக்கு இருவது வயசு கூட இல்ல சார்" என்றார். "லாரி ஓட்டக் கத்துக்கினு இருப்பேன். வெல்டிங்கு கத்துக்கினு இருப்பேன். நீதான இஸ்துக்கினு வந்து இங்க நிக்க வச்ச? கோவம் செவுத்த இட்ச்சதுக்கு இல்ல சார். அத்த நீ நெஜத்த சொல்லிக் கேட்டிருந்தாலும் இட்ச்சிருப்பேன். இடிக்காம இருந்தா மில்லே மூடிருப்பாங்க, அது கூடவா எனுக்குத் தெரியாது? சொல்லிட்டு இடிக்கச் சொல்லிருக்கலாம்."

சொன்னால் இடிக்க மாட்டார்கள் என்று நான் நினைத்ததும் தவறாகிப்போனது.

முதலாளியிடம் சண்டை போட்டேன். இளைய ஆட்கள் எல்லோருக்கும் உருளைப் பாதையில் இடம் கிடைத்தது. மேஸ்திரிக்கு வாசல் காவல் தருகிறேன் என்றார். மேஸ்திரி அதை வாங்கவில்லை. நானும் அதற்குப் பிறகு அங்கே போவதில்லை. உலை இல்லாத ஆலையில் உலை ஆலோசகருக்கு என்ன வேலை? இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள்.

சென்ற மாதம் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். காலை வண்டிக்காகச் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"எங்கப்பா போற?"

"மீஞ்சூரு. பவர் ஹவுஸுல கரி அள்ற எடத்துல காண்டிராக்டு. கரி ஓடற பெல்ட்டாண்ட நிக்கணும்" என்றார். சட்டைக் கழுத்தில் கரி படிந்திருந்தது. "வூட்ல இத்தயும் தனியாத்தான் துவைக்கிறா, அதே மேரி."

வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் மகளைப் பற்றிக் கேட்டேன். இன்னும் ஒரு பரீட்சை இருக்கிறது என்றார். வண்டி வருவதாக அறிவித்தார்கள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சார், ஒண்ணு கேக்கறேன். கரியயும் நிறுத்தப் போறாங்கன்னு பேசிக்கிறாங்களே. இது எத்தினி நாளு ஓடும்? உனுக்குத் தெரிஞ்சிருக்கும். பொண்ணு வேலைக்குப் போற வரிக்கும் தாங்குமா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் நிற்கிற பெல்ட் உடனே நிற்காது, பெண் வேலைக்குப் போகிறவரை தாங்கும், ஆனால் அவர் அறுபதைத் தொடும்வரை ஓடும் என்று நம்பி உட்கார வேண்டாம், வேறு ஏதாவது இப்போதே பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். அந்தக் கரியும் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருந்தது.

"செரி" என்றார். வண்டி நின்றது. ஏறிக்கொண்டார்.